அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது?

போன மாசம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நண்பர் ஒருவர் போன் செய்தார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர், பார்வை இல்லாதவர். என்.வி.டி.ஏ. என்கிற இலவசத் திரை வாசிப்பானை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாகக் கணினியில் வேலை பார்ப்பார். அன்றைக்குக் குரலில் ஒரு சலிப்பு. "ஒரு விண்ணப்பம் போட்டுக்கிட்டிருக்கேன் சார். நாலு பக்கம் முடிச்சாச்சு. கடைசிப் பக்கத்துல அனுப்புற பட்டனே இல்லை. இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட முடியுது. உங்களுக்கு ஏதாவது தெரியுதான்னு பாருங்களேன்."

பயனர் பெயர், கடவுச்சொல், பிறகு அவர் போனுக்கு வந்த ஓ.டி.பி. எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடவுச்சொல்லைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பக்கத்தின் அடியில் பச்சைக் கலரில், என் உள்ளங்கை அகலத்துக்கு, 'சமர்ப்பிக்க' என்று ஒரு பொத்தான்.

"இருக்கே சார், பச்சையா, பெரிசா."

"இல்லை சார். மேலேர்ந்து கீழ வரைக்கும் மூணு தடவை போய்ட்டேன்."

ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இது எப்படின்னு விளக்கத்தான் இந்தப் பதிவு. அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

ஒரு வலைப்பக்கத்தை நாம் பார்க்கிறோம் என்றால் உண்மையில் அதன் மேல்பூச்சைத்தான் பார்க்கிறோம். சர்வரிலிருந்து வருவது எச்.டி.எம்.எல். என்கிற உரை. உலாவி அதைப் படித்து முதலில் தன் நினைவகத்தில் ஒரு மரத்தைக் கட்டுகிறது. அதற்கு டாம் என்று பெயர். பக்கம் என்பது வேர்; அதற்குள் தலைப்பகுதி, உடல்பகுதி; உடலுக்குள் பெட்டிகள், பெட்டிக்குள் பத்திகள், பத்திக்குள் இணைப்புகள். மரம் என்று பேர்தானே தவிர வேர் மேலேயும் கிளைகள் கீழேயும் இருக்கும். வம்சாவளிப் படம் மாதிரி என்று நினைத்துக்கொள்வது எளிது. உறவுப் பெயர்களும் அங்கிருந்து வந்தவைதான்: பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு. (அத்தை, மாமா, சித்தப்பா எல்லாம் கிடையாது. நம் ஆட்கள் வடிவமைத்திருந்தால் முப்பது உறவுமுறையாவது வைத்திருப்பார்கள்.) இந்த மரத்துக்கான முதல் பொது வரையறையை டபிள்யூ3சி 1998 அக்டோபரில் வெளியிட்டது.

பலரும் 'வியூ சோர்ஸ்' போட்டுப் பார்த்துவிட்டு அதுதான் பக்கத்தின் அமைப்பு என்று நினைப்பதுண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். அது வந்துசேர்ந்த கடிதம் மட்டுமே. படித்தபிறகு உலாவி என்ன புரிந்துகொண்டது என்பது வேறு விஷயம். ஒரு அட்டவணையை எழுதும்போது 'டேபிள்' குறிச்சொல்லுக்குள் நேரடியாக வரிசைகளைப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உலாவி தானாகவே நடுவில் 'டிபாடி' என்று ஒரு கணுவைச் செருகிவிடும். நீங்கள் எழுதாத ஒன்று மரத்தில் இருக்கும். ஒரு பத்திக்குள் 'டிவ்' பெட்டியை வைத்தால், அது தப்பு என்று திட்டாது. பத்தியை அங்கேயே மூடிவிட்டு பெட்டியை வெளியே எடுத்து வைக்கும். நீங்கள் கடைசியில் எழுதிய பத்தி முடிவுக் குறிக்கு ஜோடி இல்லாமல் போகும், அதற்கும் சேர்த்து ஒரு வெற்றுப் பத்தியை உண்டாக்கிக் கொடுக்கும். இவ்வளவு பொறுமை எந்த வாத்தியாருக்கும் கிடையாது. இன்றைய பல தளங்களில் நிலைமை இன்னும் மோசம்: வந்த கடிதத்தில் ஒரே ஒரு காலிப் பெட்டிதான் இருக்கும், மீதி முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் பிற்பாடு கட்டுவது.

அதனால் மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று கருவி வேண்டும். மோஸில்லாவில் டாம் இன்ஸ்பெக்டர் என்று ஒன்று முதலிலேயே இருந்தது. அதை எழுதிய ஜோ ஹியூவிட்டே 2006இல் ஃபயர்பக் கொண்டுவந்தார். இன்று எஃப்12 அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் திறக்கிற பலகைக்கு அதுதான் முன்மாதிரி. ஃபயர்பக் 2017இல் விடைபெற்றுவிட்டது.

ஆனால் பலகையில் தெரிவது உள்தள்ளி எழுதிய வரிகள். மரத்தை மரமாகவே பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இருக்காது? அதே 2006இல் மார்செல் சலாதே என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர் ஒரு ஜாவா ஆப்லெட் எழுதினார். முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தின் குறிச்சொற்களைக் கலர் புள்ளிகளாக்கி, கோடுகளால் இணைத்து, கண்முன்னாலேயே பூ விரிவது போல விரித்துக் காட்டும். இணைப்புகள் நீலம், அட்டவணை சம்பந்தப்பட்டவை சிவப்பு, டிவ் பச்சை, படங்கள் ஊதா, படிவங்கள் மஞ்சள், வேர் மட்டும் கறுப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் தளத்தைப் போட்டுப் படம் பிடித்து ஃப்ளிக்கரில் ஏற்றினார்கள்.

அந்தப் படங்கள் அழகுக்காக மட்டும் பரவவில்லை. ஒரு காலமாற்றம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. பக்க அமைப்புக்காக அட்டவணைக்குள் அட்டவணை வைத்துக் கட்டிய பழைய தளங்கள் செம்பருத்திப் புதர் மாதிரி சிவப்பாகக் கிடந்தன. சி.எஸ்.எஸ்.ஸுக்கு மாறிய தளங்களில் பச்சை படர்ந்திருந்தது. கட்டுரையாகப் படித்தால் பத்துப் பக்கம் எடுக்கும் விஷயம், ரெண்டு படத்தில் முடிந்தது.

அதே சமயம் அந்தப் படம் கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளுகிற, கோடுகள் ஸ்பிரிங் மாதிரி இழுக்கிற கணக்கில்தான் படம் அமைகிறது. ஆகவே எந்தப் புள்ளி இடப்பக்கம் போயிற்று, எது மேலே போயிற்று என்பதற்கு அர்த்தமே இல்லை. அதே பக்கத்தை மறுபடி ஓட்டினால் வேறு கோலம் வரும். பக்கத்தில் தலைப்பு முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜாவா ஆப்லெட்டுகளுக்கான ஆதரவை உலாவிகள் ஒவ்வொன்றாக நிறுத்திய பிறகு அதுவும் போயிற்று.

அடுத்து என்னை மயக்கியது டில்ட். 2011 கூகுள் சம்மர் ஆஃப் கோடில் விக்டர் போரோஃப் செய்தது. முதலில் நீட்சியாக வந்து, 2012இல் ஃபயர்ஃபாக்ஸ் 11உடன் உள்ளேயே சேர்ந்துவிட்டது. பக்கத்தை அப்படியே சாய்த்து, ஒவ்வொரு பெட்டியையும் அது மரத்தில் எத்தனை அடுக்கு ஆழத்தில் இருக்கிறதோ அத்தனை உயரத்துக்குத் தூக்கிக் காட்டும். செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் மாடிமேல் மாடியாக ஒரு நகரம். மவுஸால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். வேலை நேரத்தில் அதில் நான் வீணாக்கிய மணிகளை யாரும் கணக்கு வைக்கவில்லை என்பது என் பாக்கியம்.

அதற்கு நிஜமான உபயோகமும் உண்டு. பக்கம் காரணமில்லாமல் குறுக்கே ஸ்க்ரோல் ஆகிறதா? டில்ட்டில் போட்டால் எந்தப் பெட்டி வரம்பைத் தாண்டி வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் தன் உள்கட்டமைப்பைப் பல செயல்முறைகளாகப் பிரித்தபோது டில்ட் அதோடு ஒத்துப்போகவில்லை. 2016இல் ஃபயர்ஃபாக்ஸ் 47உடன் எடுத்துவிட்டார்கள். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் எட்ஜ் கிட்டத்தட்ட அதே யோசனையில் த்ரீடி வியூ கொண்டுவந்தது. எது எதற்கு மேல் மிதக்கிறது என்ற சிக்கலை அவிழ்க்க அது நல்ல துணை.

இப்படி எதுவுமே இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பக்கத்தின் எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு வெளிக்கோடு போடச் சொல்லி ஒரே வரி சி.எஸ்.எஸ். எழுதினால் போதும், பெட்டிக்குள் பெட்டி எல்லாம் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: 'பார்டர்' போடாதீர்கள், 'அவுட்லைன்' போடுங்கள். பார்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் பார்க்க வந்த அமைப்பே நகர்ந்துவிடும். நோயாளியின் உடம்பு சூட்டைத் தெர்மாமீட்டரே ஏற்றிவிட்ட கதைதான்.

சரி, நண்பரின் பொத்தானுக்கு வருகிறேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தப் பச்சைப் பொத்தானின் மேல் வலது சொடுக்கு போட்டு 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தேன். அது பொத்தானே இல்லை. வெறும் 'டிவ்'. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, சொடுக்கினால் இந்த ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்று மட்டும் இருந்தது. உள்ளே எழுத்தும் இல்லை. 'சமர்ப்பிக்க' என்று நான் படித்தது சி.எஸ்.எஸ். பின்னணியாக ஒட்டிய ஒரு படம். யாரோ ஒருவருக்கு அந்தத் தமிழ் எழுத்து வடிவம் பிடித்துப்போய், அது எல்லார் கணினியிலும் ஒரே மாதிரி வர வேண்டுமே என்று படமாக்கியிருக்க வேண்டும். நோக்கம் கெட்டதில்லை.

இதைச் சலாதேயின் படத்தில் போட்டிருந்தால் ஒரு பச்சைப் புள்ளியாக வந்திருக்கும், பக்கத்திலிருக்கும் நூறு பச்சைப் புள்ளிகளோடு சேர்ந்து. டில்ட்டில் போட்டிருந்தால் ஒழுங்கான ஒரு மாடியாக நின்றிருக்கும். இரண்டுமே வடிவத்தைக் காட்டும் கருவிகள். இந்தப் பெட்டி *என்னவாக* இருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் கிடையாது.

பதில் வேறொரு மரத்தில் இருக்கிறது. உலாவி டாம் மரத்திலிருந்து இன்னொரு மரத்தையும் வளர்க்கிறது, அதை அணுகல் மரம் என்று சொல்லலாம். திரை வாசிப்பான் பேசுவது இதோடுதான். கலர், அகலம், நிழல் எல்லாம் இங்கே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு கணுவிலும் மிஞ்சுவது கிட்டத்தட்ட மூன்று: இதன் வேலை என்ன (பொத்தானா, தலைப்பா, உள்ளீட்டுப் பெட்டியா), இதன் பெயர் என்ன, இப்போது என்ன நிலையில் இருக்கிறது (தேர்ந்தெடுத்ததா, மூடியதா). அர்த்தம் எதுவும் தராத டிவ்களை உலாவி இந்த மரத்திலிருந்து பெரும்பாலும் கழித்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 பலகையில் 'ஆக்சஸிபிலிட்டி' என்று தனித் தாவலே இருக்கிறது. குரோமில் எலிமென்ட்ஸ் பலகைக்குள் இருக்கிறது. பார்க்கச் சப்பென்று இருக்கும், கலர் கிடையாது, சுற்றிப் பார்க்க நகரமும் கிடையாது. நானே வருஷக்கணக்காக அந்தத் தாவலைத் தொட்டதில்லை.

அன்று திறந்தேன். ஏழு உள்ளீட்டுப் பெட்டிகள் இருந்தன. பொத்தான் இல்லை. நண்பர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி: அவர் உலாவும் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அங்கேயே 'ஷோ டாபிங் ஆர்டர்' என்று ஒரு தேர்வு உண்டு, ஃபயர்ஃபாக்ஸ் 84இலிருந்து இருக்கிறது. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று பக்கத்தின் மேலேயே எண் போட்டுக் காட்டும். அதைப் போட்டதும் ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டியின் மூலையிலும் ஒரு எண் முளைத்தது. உள்ளங்கை அகலப் பச்சைப் பொத்தான் மட்டும் எண் இல்லாமல், பந்தியில் இலை போடாத ஆள் மாதிரி நின்றது. எத்தனையோ கட்டமைப்புப் படங்கள் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒரு விஷயத்தைச் சொன்ன படம் வேறில்லை.

அந்த ஏழு பெட்டிகளுக்கும் பெயர் இல்லை என்பதையும் அதே தாவல் காட்டியது. 'வங்கிக் கணக்கு எண்' என்ற வார்த்தை பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, கண்ணுக்கு அது போதும். ஆனால் இந்த வார்த்தை இந்தப் பெட்டிக்குரியது என்று யாரும் 'லேபிள்' குறிச்சொல்லால் முடிச்சுப் போடவில்லை. நண்பர் பெட்டிக்குப் பெட்டி போகும்போது அவருக்குக் கேட்டது "எடிட், பிளாங்க்", அடுத்து "எடிட், பிளாங்க்". "அப்ப எப்படி சார் நிரப்புனீங்க?" என்றேன். "ஒவ்வொரு தடவையும் மேல போய் வரியைப் படிச்சுட்டு, கீழ வந்து, எண்ணிப் பார்த்துத்தான்" என்றார், அது ஒரு பெரிய விஷயமே இல்லாத தொனியில். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கணக்கு எண்ணும் அடுத்தடுத்த பெட்டிகள். ஒன்று தவறினால் பணம் எங்கே போகும்?

இன்னொன்று. முழுப் பக்கமும் தமிழ். வேர்க் கணுவில் மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று போட்டிருந்தது. யாரோ ஒரு மாதிரிப் பக்கத்தை நகலெடுத்தபோது அப்படியே வந்திருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் திரை வாசிப்பான் அந்தக் குறிப்பை நம்பித்தான் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவெடுக்கிறது. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நண்பர் தானியங்கி மொழி மாற்றத்தை அணைத்தே வைத்திருக்கிறார், இந்தத் தொல்லைக்காகவே.

மேலே தமிழாகத் தெரிவது அடியில் தமிழாக இல்லாத கதை நமக்குப் புதிதில்லை. யூனிகோடுக்கு முன்னால் எத்தனை தளங்கள் அப்படி இருந்தன! பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிகிற இடத்தில் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். தேடுபொறிக்குக் கிடைக்காது, வாசிப்பானுக்கும் புரியாது. யூனிகோடு வந்து எழுத்துக்கு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பொத்தானுக்கு இன்னும் தீரவில்லை போல.

இது நம்மூர்க் குறை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. 2024 அறிக்கையில் 48.6 சதவீதப் பக்கங்களில் பெயரில்லாத உள்ளீட்டுப் பெட்டிகள், 28.2 சதவீதத்தில் காலிப் பொத்தான்கள். சராசரியாக ஒரு முகப்புப் பக்கத்தில் 1,173 உறுப்புகள். அப்போது கூகுளின் லைட்ஹவுஸ் 800 கணுக்களைத் தாண்டினாலே எச்சரித்தது, 1,400ஐத் தாண்டினால் தவறு என்றே குறித்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் மரம் எவ்வளவு புதர்மண்டியிருக்கிறது என்று புரியும். இதிலும் ஒரு வேடிக்கை: நண்பரின் பொத்தான் அந்த 28.2இல் வரவே வராது. காலிப் பொத்தான் என்று எண்ண முதலில் அது பொத்தானாக இருக்க வேண்டுமே.

ஏன் டிவ்வைப் பொத்தானாக்குகிறார்கள்? ஒரு காலத்தில் நிஜமான 'பட்டன்' உறுப்புக்கு விரும்பிய தோற்றம் கொடுப்பது உலாவிக்கு உலாவி தலைவலியாக இருந்தது. டிவ் சொன்னபடி கேட்கும். இன்று அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நிஜமான பட்டனைப் போட்டால் அணுகல் மரத்தில் இடம், டேப் வரிசையில் இடம், என்டருக்கும் ஸ்பேஸுக்கும் பதில் சொல்வது எல்லாம் இலவசமாக வரும். டிவ்வுக்கு இவை ஒவ்வொன்றையும் கையால் செய்து கொடுக்க வேண்டும். அவசரத்தில் எழுதுகிறவர் அதில் ஒன்றைக்கூடச் செய்வதில்லை.

உங்கள் தளத்தையோ, நீங்கள் அடிக்கடி போகும் தளத்தையோ ஒருமுறை இப்படிப் பாருங்கள். மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப் மட்டும் அழுத்திப் போனாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் அந்தச் சப்பென்ற தாவலைத் திறங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்கு "எடிட், பிளாங்க்".

அன்றைக்கு 11:20க்கு, அவர் சொல்லச் சொல்ல ஏழு பெட்டிகளையும் என் பக்கத்தில் மறுபடி நிரப்பினேன். கணக்கு எண்ணை இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டினேன். பச்சைப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். ஒப்புகைச் சீட்டு அவர் மின்னஞ்சலுக்குப் போயிற்று. "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலையில முதல் வேலையா பாஸ்வேர்டை மாத்திடறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தளத்தின் உதவி முகவரிக்கு மறுநாளே படங்களோடு எழுதினேன்: பொத்தானுக்கு ஒரு வரி, லேபிளுக்கு ஏழு வரி, மொழிக்கு ரெண்டு எழுத்து மாற்றினால் போதும் என்று. பதில் வரவில்லை. நேற்று சும்மா உள்ளே போய்ப் பார்த்தோம், இந்தத் தடவை கடவுச்சொல்லை அவரே அடித்து, திரையை எனக்குப் பகிர்ந்தார். பொத்தான் நிஜப் பொத்தான் ஆகியிருக்கிறது. வாசிப்பான் "சமர்ப்பிக்க, பட்டன்" என்றது, அதுவும் ஆங்கிலக் குரலில் இல்லை. பெட்டிகள் மட்டும் இன்னும் "எடிட், பிளாங்க்" என்றுதான் சொல்கின்றன.